அயலார் வைத்த பெயர்

இன்டர்லாக்கன் மேற்கு ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் அந்த ஹோட்டல். அதன் சமையலறையில் சிவபாதம் கோப்பை கழுவத் தொடங்கி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. நாற்பத்திரண்டு வயது. மெலிந்த, சற்றே கூனிய உடம்பு. குரல் மட்டும் அந்த உடம்புக்குச் சம்பந்தமில்லாதது. எவ்வளவு இரைச்சலிலும் அவர் தாழ்ந்த தொனியில் சொல்வது சமையலறையின் மறுகோடிக்குக் கேட்கும்.

பன்னிரண்டு வருடம் மட்டக்களப்பு நீதிமன்றத்தில் வேலை செய்த குரல் அது. சிவபாதம் அங்கே மொழிபெயர்ப்பாளர். தமிழில் சொன்னதைச் சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும், அங்கிருந்து திரும்பத் தமிழுக்கும் கொண்டுவந்து சேர்ப்பது தொழில். சாட்சி அழுதால் மொழிபெயர்ப்பாளர் அழக் கூடாது. சாட்சி பொய் சொன்னால் அந்தப் பொய்யையும் சேதமில்லாமல் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சாட்சி 'நான் கண்டேன்' என்றால் இவரும் 'நான் கண்டேன்' என்றே சொல்ல வேண்டும். 'அவர் கண்டாராம்' என்று விலகி நிற்கக் கூடாது.

அந்த 'நான்' தான் அவரை ஊரைவிட்டு அனுப்பியது. ராணுவ முகாமில் தனக்கு என்ன செய்தார்கள் என்று எண்பத்து மூன்றின் கடைசியில் ஒருவர் நீதவான் முன்னால் சொன்னார். சிவபாதம் அதை ஒரு சொல் கூடாமல் குறையாமல் ஆங்கிலத்தில் சொன்னார். அடுத்த வாரம் அவரைத் தேடி வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். மனைவி ஜெயகௌரியையும் மகளையும் யாழ்ப்பாணத்தில் மாமனார் வீட்டில் விட்டுவிட்டு, கிழக்கு பெர்லின் வழியாக அவர் சுவிட்சர்லாந்து வந்து சேர்ந்தார். அகதி விண்ணப்பம் இன்னும் பதிலில்லாமல் கிடந்தது. செவ்வாயும் வியாழனும் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நடந்த ஜெர்மன் வகுப்புக்கு அவர் ஒரு நாள்கூடத் தவறியதில்லை. மற்றவர்கள் வேலைக்காகப் படித்தார்கள். அவர் பசிக்காரன் சாப்பிடுவதுபோலப் படித்தார்.

1985 ஆகஸ்ட் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை. தேசிய தினத்துக்குக் கட்டிய கொடிகள் தெருவில் இன்னும் இறங்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக் கோப்பைகள் மலையாகக் குவிந்திருந்த நேரத்தில், அவரோடு வேலை செய்த சாவகச்சேரித் தவச்செல்வன் வெறும் தட்டத்தோடு உள்ளே வந்தான்.

"அண்ணை, மேல் மண்டபத்தில இண்டைக்கு ஒரு அப்பாச்சி வந்து பேசப் போறாவாம்."

"ஆற்றை அப்பாச்சி?" யாருடையவோ அப்பாவின் அம்மா என்றுதான் சிவபாதம் நினைத்தார்.

"ஆற்றையும் இல்லை. அமெரிக்காவில இருக்கிற சனம். குதிரையில வந்து அம்பு விடுவினம் எண்டு படத்தில பாத்திருப்பியளே, அந்த ஆக்கள். ஜெனிவாவில ஐநா கூட்டத்துக்கு வந்தவவாம். இஞ்சை ஒரு சங்கம் கூட்டிக்கொண்டு வருது. ஷெஃப் சொன்னவர்."

சிவபாதம் சிரித்துவிட்டுக் கைகளைத் திரும்பத் தண்ணீருக்குள் விட்டார். அந்தச் சொல் அதோடு போயிருக்கும். ஆனால் கால் மணி நேரம் கழித்து சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு முதியவர் வந்தார். ஹெர் பிராவாண்ட், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், அந்தச் சங்கத்தை நடத்துபவர். கழுத்துப்பட்டி ஒரு பக்கம் இழுபட்டிருந்தது. பேச்சை ஜெர்மனுக்கு மாற்ற பேர்ன் நகரிலிருந்து வரவேண்டிய மாணவி காய்ச்சலில் படுத்துவிட்டாளாம். அவருடைய ஆங்கிலம் காப்பி கேட்பதற்குத்தான் போதும். மேலே எண்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். இங்கே இரண்டு மொழியும் தெரிந்த யாராவது இருக்கிறார்களா?

ஷெஃப் கரண்டியால் சிவபாதத்தைக் காட்டினார்.

ஹோட்டலை நடத்திய ஃபிராவ் சூர்பூகென் பின்னாலேயே வந்திருந்தார். அவர் பொல்லாத மனுஷி அல்ல. ஆனால் தயங்கினார். அந்த வருடங்களில் தமிழரைக் குறிக்கும் 'தமிலே' என்ற ஜெர்மன் சொல் பத்திரிகைகளில் நல்ல செய்தியோடு வந்ததே இல்லை. போதைப்பொருள், தோல் ஜாக்கெட், சும்மா திரிகிறவர்கள், திருப்பி அனுப்பப்பட வேண்டியவர்கள். பஸ்ஸில் அந்தச் சொல் காதில் விழுந்தால் சிவபாதம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். இப்போது ஃபிராவ் சூர்பூகென் அதே சொல்லைத் தணிந்த குரலில் ஆசிரியரிடம் சொல்வதும் அவருக்குக் கேட்டது. ஒரு தமிலே போய் மேடையில் நிற்பதா, விருந்தினர்கள் என்ன நினைப்பார்கள்.

"மொழி தெரிந்தவர் இவர் ஒருவர்தானே," என்றார் பிராவாண்ட்.

சிவபாதம் மேலங்கியைக் கழற்றினார். தவச்செல்வன் தன்னுடைய வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தான். சட்டை இரண்டு அளவு பெரிது.

"பயப்பிடாதேங்கோ அண்ணை. கோர்ட்டில நிண்டனியள்தானே."

"பயமில்லை," என்றார் சிவபாதம். பெரிய சட்டையின் கையை இரண்டு தடவை மடித்தார். ஒன்றரை வருடமாக அவருடைய தொழிலை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

மண்டபத்துக்குப் பக்கத்து அறையில் ஒரு பெண்மணி ஜன்னலருகே நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். அகன்ற முகம், நரை கலந்த நீளமான கூந்தல், நீல நிற மழை ஜாக்கெட், காலில் நடந்து தேய்ந்த சப்பாத்து. பெயர் திரேசா. நியூ மெக்சிகோவில் மெஸ்கலேரோ என்ற இடம் தன்னுடையது என்றார். அங்கே மலையில் தங்கள் சனம் நடத்தும் பனிச்சறுக்கு நிலையத்தில், ஆட்களைக் கம்பியில் மேலே ஏற்றும் தூக்குக் கதிரைகளைப் பராமரிக்கும் வேலை.

"இங்கே கம்பியில் தொங்கி மலையேறும் வண்டிகளைப் போய்ப் பார்க்க வேண்டும்," என்றார். "சங்கத்தாருக்கு அது பிடிக்கவில்லை. நான் பருந்தைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்தார்கள்."

சிவபாதம் பழைய வழக்கப்படி மூன்று விஷயங்கள் சொன்னார். நீளமாகப் பேச வேண்டாம், இரண்டு மூன்று வசனத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். நான் கையை உயர்த்தினால் எனக்கு ஒரு சொல் விளங்கவில்லை என்று அர்த்தம். நீங்கள் 'நான்' என்றால் நானும் 'நான்' என்பேன், 'நாங்கள்' என்றால் 'நாங்கள்' என்பேன், அதைக் கேட்டு நீங்கள் ஆச்சரியப்படக் கூடாது.

திரேசா அவரை முதல் தடவையாக நன்றாகப் பார்த்தார்.

"எங்கள் பாட்டன்மார் அமெரிக்க ராணுவத்தோடு பேசியபோது அவர்கள் பேச்சு இரண்டு வாய்களைத் தாண்டிப் போகும்," என்றார். "எங்கள் மொழியிலிருந்து ஸ்பானிய மொழிக்கு ஒருவர். அதிலிருந்து ஆங்கிலத்துக்கு இன்னொருவர். நடுவில் என்னென்ன விழுந்து போயிற்று என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்."

"நான் ஒன்றையும் விழவிட மாட்டேன்," என்றார் சிவபாதம். அவ்வளவு பெரிய வார்த்தையை ஏன் சொன்னோம் என்று உடனே கூச்சமாக இருந்தது.

மண்டபத்தில் எண்பது பேருக்கும் மேல். பிள்ளைகளோடு வந்த குடும்பங்கள், மலையேறப் போகிற சப்பாத்தோடே வந்தவர்கள். முன்வரிசையில், பக்கத்து நகரமான துனிலிருந்து வந்த ஒருவர், படத்தில் வரும் அப்பாச்சேபோல ஓரமெல்லாம் குஞ்சம் தொங்கும் தோல் சட்டையும் மார்பில் மணிக் கோவையுமாக, தானே தைத்ததாம், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். திரேசா ஜாக்கெட்டோடு மேடையேறியபோது அவர் முகத்தில் சிறு ஏமாற்றம் தெரிந்தது. சிவபாதம் ஒரு அடி பின்னால், இடது பக்கம் நின்றார். நீதிமன்றத்தில் நிற்பதும் அதே இடம்தான்.

திரேசா முதலில் தன் சொந்த மொழியில் பேசினார். ஒரு நிமிடம் இருக்கலாம். தொண்டைக்குள் அடைபட்டு அடைபட்டுத் திறக்கும் ஒலிகள். ஏறி இறங்கும் சுருதி. நான்கு மொழி தெரிந்த சிவபாதத்தின் காதுக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒரு சிறு கொம்புகூட அகப்படவில்லை. மொழி என்று தான் நினைத்திருந்தது ஒரு முற்றம் அளவுதான், அதற்கு அப்பால் வெளி இருக்கிறது என்று அப்போது தோன்றியது. எண்பது முகங்களும் அவரைப் பார்த்தன. அவர் திரேசாவைப் பார்த்தார்.

"இது மாற்றுவதற்கு அல்ல," என்று திரேசா அவரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். சிவபாதம் அதை மட்டும் ஜெர்மனில் சொன்னார். பிறகு பேச்சு தொடங்கியது.

"என்னை அப்பாச்சே என்று அறிமுகப்படுத்தினார்கள். அது எங்கள் சொல் அல்ல."

சிவபாதம் ஜெர்மனில் சொன்னார்.

"ஸ்பானியர் எங்கள் நாட்டுக்கு வந்தபோது, ஊர் கட்டி வாழ்ந்த ஸூனி மக்களைச் சந்தித்தார்கள். அந்த மலைகளில் இருப்பவர்கள் யார் என்று கேட்டார்கள். ஸூனிகள் தங்கள் மொழியில் பதில் சொன்னார்கள். எதிரிகள் என்று. ஸ்பானியர் அதைப் பெயர் என்று நினைத்து ஏட்டில் எழுதிக்கொண்டார்கள். இப்படித்தான் பலரும் சொல்கிறார்கள், வேறு விதமாகச் சொல்பவர்களும் உண்டு. எப்படியானாலும் பெயர் எங்களிடம் கேட்டு எழுதப்பட்டதல்ல."

நிறுத்தினார். சிவபாதம் மூச்சை எடுத்துக்கொண்டு சொன்னார். கடைசியில் அந்த வசனம் வந்தது.

"எங்களை எதிரிகள் என்று எழுதினார்கள். அதற்குப் பிறகு எங்களைப் பார்த்த எல்லோரும் முதலில் ஏட்டைத்தான் பார்த்தார்கள்."

அவருடைய குரல் அந்த மண்டபத்தின் கடைசிச் சுவர் வரைக்கும் போயிற்று. பெரிய வெள்ளைச் சட்டைக்குள் நின்ற கறுத்த மனிதர் ஒருவர், 'எங்களை எதிரிகள் என்றார்கள்' என்று தெளிவான ஜெர்மனில் சொல்வதை அவர்கள் கேட்டார்கள். கதிரைகள் அசையும் சத்தம் நின்றது.

பின்வரிசையில் பியர்க் குவளையோடு இருந்த ஒருவர் சத்தமாகக் கேட்டார்:

"இது இப்போது அப்பாச்சேக்களைப் பற்றியா, தமிலேக்களைப் பற்றியா?"

சிலர் சிரித்தார்கள். சிலர் திரும்பி அவரை முறைத்தார்கள். பிராவாண்ட் எழுந்து நிற்கப் பார்த்தார். சிவபாதத்துக்குக் காது சூடேறியது. ஆனால் அவர் மொழிபெயர்ப்பாளர். கேட்கப்பட்ட கேள்வி யாரைக் குத்தினாலும் போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போக வேண்டும். திரேசாவின் பக்கம் திரும்பி, அந்த வசனத்தை, அதன் ஏளனத்தோடும் சேர்த்து, ஆங்கிலத்தில் சொன்னார்.

திரேசா அந்த மனிதரை நோக்கிக் கோபமில்லாமல் பேசினார்.

"இந்த ஒரு மணி நேரத்துக்கு இவர் என் வாய். இவர் 'நாங்கள்' என்றால் அது நாங்கள். இவரைப் பற்றி நானே பிறகு கேட்பேன்."

அதையும் சிவபாதமே சொல்ல வேண்டியிருந்தது. 'இந்த ஒரு மணி நேரத்துக்கு இவர் என் வாய்' என்று தன்னைத் தானே சுட்டிச் சொன்னார்.

பேச்சு மெஸ்கலேரோ என்ற பெயருக்கு வந்தது. மெஸ்கால் என்ற சொல்லில் அவர் கையை உயர்த்தினார். திரேசா மேடையிலிருந்த கரும்பலகையில் வரைந்து காட்டினார். வாள் போன்ற மடல்கள், நடுவில் பருத்த அடி. ஆனைக் கற்றாழை. அதன் அடிக்குருத்தை வெட்டி, நிலத்தில் குழி தோண்டி, கல்லைச் சூடாக்கிப் பரப்பி, புல்லால் மூடி நாட்கணக்கில் வேகவைப்பார்களாம். எடுத்தால் கருப்பட்டிபோல் இனிக்குமாம். ஸ்பானியர் அதைக் கண்டார்கள். மெஸ்கால் தின்கிற ஆட்கள் என்று பெயர் வைத்தார்கள்.

சிவபாதத்துக்குச் சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை. திரேசா கேள்வியாகப் பார்த்தார். "மன்னிக்கவும், பிறகு சொல்கிறேன்," என்றார். மட்டக்களப்பில் வேலை பார்த்த காலத்தில் யாழ்ப்பாணத்துக்காரரான அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு பெயர் உலாவியது: பனங்கொட்டை சூப்பி. யாழ்ப்பாணத்தார் எல்லோருக்கும் மற்ற ஊர்க்காரர் வைத்த பெயர். கடலுக்கு அப்பால், அதற்கும் அப்பால், யாரோ ஒரு ஸ்பானியன் குதிரையில் இருந்தபடி ஒரு சனம் எதைச் சாப்பிடுகிறது என்று பார்த்து அதே வேலையைத்தான் செய்திருக்கிறான்.

"இரண்டு பெயரும் அயலார் வைத்தவை," என்றார் திரேசா. "ஒன்று எங்களைப் பிடிக்காதவர்கள் வைத்தது. மற்றது எங்கள் அடுப்பை எட்டிப் பார்த்தவர்கள் வைத்தது. எங்கள் பெயர் ந்தே."

சிவபாதம் அந்தச் சொல்லை அப்படியே திருப்பிச் சொல்ல முயன்றார். வரவில்லை. தமிழில் எந்தச் சொல்லும் அப்படித் தொடங்காது. மூக்கில் பிறந்து பல்லில் விழ வேண்டும், இரண்டுக்கும் நடுவில் உயிர் இல்லை. மூன்றாவது தடவை திரேசா தலையசைத்தார்.

"ந்தே என்றால் என்ன?" என்று தோல் சட்டைக்காரர் எழுந்து கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். பருந்து, இடி, ஓநாய் என்று ஏதோ ஒன்றை எதிர்பார்த்திருக்க வேண்டும்.

"மக்கள்."

"அவ்வளவுதானா?"

"அதற்கு மேல் என்ன இருக்கிறது?"

மண்டபத்தில் மெல்லிய சிரிப்பு எழுந்து அடங்கியது. திரேசா சிரிக்கவில்லை.

"என் அப்பா போர்க் கைதியாகப் பிறந்தார்," என்றார். "அப்பாவின் ஆட்கள் ந்தேக்களில் இன்னொரு பிரிவு. அவர்களில் கடைசியாகப் போராடியவர்கள் சரணடைந்து அடுத்த வருடத்தோடு நூறு வருடம் ஆகிறது. போராடாதவர்களையும் சேர்த்து, பெண்கள், பிள்ளைகள், ராணுவத்துக்கு வழிகாட்டியவர்களைக்கூட ரயிலில் ஏற்றி, கண்டிராத ஒரு கடற்கரைக்குக் கொண்டுபோனார்கள். இருபத்தேழு வருடம். அதற்குள் பிறந்த ஒவ்வொரு பிள்ளையும் கைதியாகவே பிறந்தது. ஏட்டின்படி என் பாட்டி வயிற்றில் ஒரு குழந்தை வளரவில்லை. ஒரு எதிரி வளர்ந்தான்."

சிவபாதம் அதைச் சொல்லி முடிக்கும்போது, பன்னிரண்டு வருடத்தில் ஒருநாளும் நடக்காதது நடந்தது. 'என் பாட்டி வயிற்றில்' என்ற இடத்தில் அவர் குரல் அரை நொடி நின்றது. நின்று, மீண்டும் எடுத்து, முழுவதையும் கொடுத்தார்.

"பிறகு விட்டார்கள். என் அம்மாவின் சனமான மெஸ்கலேரோ மலைக்காரர் தங்கள் நிலத்தில் அவர்களுக்கு இடம் கொடுத்தார்கள். அப்பாவுக்கு அப்போது மூன்று வயது. ரயிலிலிருந்து இறங்கியபோது அங்கே நின்ற ஒரு கிழவர் குனிந்து அவரை அந்தப் பெயரால் கூப்பிட்டாராம். ந்தே. என் அப்பாவுக்கு ஞாபகம் இருந்த முதல் விஷயம் அது. முகாமிலும் அந்தச் சொல்லைத்தான் வீட்டுக்குள் பேசினார்கள். ஆனால் வெளியே, வெயிலில், தெரியாத ஒருவர் தன்னை அப்படிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்."

மக்கள் என்பதற்கான ஜெர்மன் சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே சிவபாதத்தின் மனதுக்குள் அதன் ஊர்த் தமிழ் ஓடியது. ஆக்கள். 'நாங்கள் தமிழ் ஆக்கள்' என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்த அந்தச் சாதாரணச் சொல்தான் இவர்களுடைய பெயர். அவ்வளவையும் இழந்த பிறகு இதை மட்டும் கொடுக்காமல் வைத்திருந்திருக்கிறார்கள்.

திரேசா அவரிடம் திரும்பினார்.

"இப்போது உங்களைக் கேட்கிறேன். என் வாய் யார்? நீங்கள் என்ன சனம்?"

சிவபாதம் கேள்வியை முதலில் மண்டபத்துக்கு மொழிபெயர்த்தார். பிறகு பதிலை இரண்டு மொழியிலும் சொன்னார்.

"நான் தமிழ்."

"அந்தப் பெயர் யார் வைத்தது?"

ஊரில் அதை யாரும் கேட்டதில்லை. சிங்களவரா வைத்தார்கள்? இல்லை. ஸ்பானியரைப்போல் வந்த போர்த்துக்கேயரா? ஆங்கிலேயரா? அவர்கள் வைத்ததெல்லாம் வேறு பெயர்கள். பின்னோக்கிப் போகப் போக, அகப்பட்ட ஒவ்வொரு பழைய பாட்டிலும் அந்தச் சொல் ஏற்கெனவே இருந்தது. அதற்கு முன்னாலும் யாரோ ஒரு வாய் தன் மொழியையும் தன்னையும் அதே சொல்லால் சுட்டியிருக்க வேண்டும்.

"நாங்களே," என்றார் மெதுவாக. "வேறு யாரும் வைக்கவில்லை. எங்கள் மொழிக்கும் அதுதான் பெயர். எங்களுக்கும் அதுதான்."

"அர்த்தம்?"

"இனிமை என்பார்கள். தன் சொந்தப் பேச்சு என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். சரியாக எனக்குத் தெரியாது. இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் பழசு."

திரேசா பின்வரிசையை ஒருமுறை பார்த்தார்.

"அப்படியென்றால் உங்களை ஏசுகிறவர்களும் உங்கள் பெயரைச் சொல்லித்தான் ஏசுகிறார்கள்," என்றார். "எங்களுக்கு அது கிடைக்கவில்லை."

அதை ஜெர்மனில் சொல்ல அவருக்குச் சற்று நேரம் எடுத்தது. சொல்லும்போது பின்வரிசையைப் பார்க்கவில்லை, எங்கேயும் பார்க்கவில்லை. பஸ்ஸில், கடை வாசலில், வெளிநாட்டவர் பொலிஸ் அலுவலகத்தின் நீண்ட நடையில், ஒன்றரை வருடமாக அவர் முகத்தைத் திருப்பிக்கொண்ட அந்தச் சொல். கொச்சையாக, ஒரு எழுத்து மாறி, வெறுப்போடு வந்தாலும் அது அவர்களுடைய சொந்தச் சொல். அவருடைய தாய் அவரைப் பேச வைத்த சொல். மேடையில் ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்தபோது பியர்க் குவளைக்காரர் பேசாமல் போய்விட்டார். அவர் மனம் மாறிற்றா என்று யாருக்கும் தெரியாது. தோல் சட்டைக்காரர் வந்து திரேசாவிடம் அந்தச் சொல்லைப் பத்துத் தடவை சொல்லிப் பழகினார். சிவபாதத்தைவிட அவருக்கு நன்றாக வந்தது. ஃபிராவ் சூர்பூகென் காப்பிக் குவளையை வாசலில் சிவபாதத்தின் கையில் கொடுத்து, "ஹெர் சிவபாதம்," என்று மரியாதையோடு முதல் தடவையாகப் பெயர் சொன்னார். எழுத்துக்கு எழுத்து பிரித்துச் சொன்னார், தவறாமல்.

அதன் பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடலாம். பிராவாண்ட் புதன்கிழமையே அவரை மொழிபெயர்ப்பாளராகப் பரிந்துரைத்து எழுதிய ஒரு கடிதத்தோடு சமையலறைக்கு வந்தார். அந்தக் கடிதம் சுற்றிச் சுற்றி, மாரிகாலத்தில் சிவபாதம் அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளராக உட்காரத் தொடங்கினார். முதலில் வாரம் ஒருநாள், பிறகு நான்கு நாள். ஒருமுறை பரமநாதன் என்ற மீன்பிடிக்காரரிடம் நீங்கள் எந்த இனம் என்று அதிகாரி கேட்டார். "நாங்கள் தமிழ் ஆக்கள்," என்றார் அவர். அதிகாரி 'தமிலே' என்று தட்டச்சு செய்தார். சிவபாதம் அவரை நிறுத்தி, சாட்சி சொன்னது இரண்டு சொல், இரண்டாவது சொல்லுக்கு மக்கள் என்று அர்த்தம், அதுவும் வரவேண்டும் என்றார். அதிகாரி முகத்தைச் சுளித்துக்கொண்டு தாளைத் திரும்ப உருட்டி அதையும் அடித்தார். எண்பத்தெட்டில் ஜெயகௌரியும் மகளும் வந்து சேர்ந்தார்கள்.

ஆனால் அந்த ஆகஸ்டில் இன்னும் ஒரு காலை மிச்சமிருந்தது. கூட்டத்துக்கு மறுநாள் திரேசாவுக்கு ஒன்பது மணி ரயில். விடியற்காலையில் மலையைப் பார்க்க வேண்டும், கூட வருவீர்களா என்று கேட்டிருந்தார். வேலை தொடங்க முன் இருவரும் ஊர் நடுவிலிருந்த பெரிய புல்வெளிக்கு நடந்தார்கள். புல் நனைந்திருந்தது. ஒரு பக்கத்தில் முதிய விவசாயி ஒருவர் வெட்டிய புல்லை வாரிக் குவித்துக்கொண்டிருந்தார். தெற்கே, இருட்டான இரண்டு மலைகளுக்கு நடுவில், அதற்குப் பின்னால், எதிர்பார்க்கும் உயரத்துக்கும் மிக மேலே, வெள்ளையாக அது நின்றது. ஒன்றரை வருடமாகக் குப்பைத் தொட்டியை வெளியே தள்ளும்போதெல்லாம் சிவபாதம் அதைப் பார்த்திருக்கிறார். வானிலை பார்ப்பதற்கு.

"இதன் பெயர்?"

"யுங்ஃபிராவ். கன்னி என்று அர்த்தம்."

"யார் வைத்தார்கள்?"

தெரியவில்லை. சிவபாதம் விவசாயியிடம் போய்க் கேட்டார். அவர் வாரியை நிறுத்தி, மலையையும் இவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். "அது எப்பவும் அப்படித்தான்," என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "என் தாத்தாவும் அப்படித்தான் சொன்னார்," என்று சேர்த்துக்கொண்டார். சிவபாதம் அதை மாற்றிச் சொன்னதும் திரேசா திருப்தியாகத் தலையசைத்தார்.

"எங்களுக்கும் ஒன்று உண்டு. இதைவிடச் சிறியது. அதன் தோளில்தான் நான் வேலை செய்கிறேன். தினமும் காலையில் அதனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் இயந்திரத்தைத் திருகுவேன்."

அப்போது நுனியில் நிறம் மாறத் தொடங்கியது. முதலில் சாம்பல், பிறகு செம்பு, பிறகு பெயரில்லாத ஒரு நிறம் உச்சியிலிருந்து கீழே மெதுவாக வடிந்தது. திரேசா ஜாக்கெட்டுக்குள்ளிருந்து சிறிய தோல் பை ஒன்றை எடுத்தார். அதில் மஞ்சளான பொடி, ஏதோ ஒரு பூவின் மகரந்தம். இரண்டு விரலால் சிட்டிகை எடுத்து மலையை நோக்கி உயர்த்தினார். தன் மொழியில் எதையோ சொன்னார். பொடி காற்றில் ஒரு கணம் தெரிந்து மறைந்தது.

விவசாயி தொப்பியைக் கழற்றியிருந்தார். ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

திரேசா பையைச் சிவபாதத்திடம் நீட்டினார். அவர் அதற்குள் விரலை வைத்தார். திருநீறு எடுக்கும் அதே மூன்று விரல். என்ன சொல்லுவது என்று யோசித்தார். அவருக்குத் தெரிந்த தேவாரங்களில் எல்லா மலைகளுக்கும் பெயர் இருந்தது, இதற்கு இல்லை. கடைசியில் கையை உயர்த்தி, மலைக்குத் தன் பெயரைச் சொன்னார், தகப்பன் பெயரைச் சொன்னார், தான் எந்தச் சனம் என்று சொன்னார். தமிழிலேயே சொன்னார். வேறு எந்த மொழிக்கும் அதை மாற்றவில்லை.

வெளிச்சம் பனி முழுவதையும் பிடித்துக்கொண்டது. மூன்று பேரும் வெகுநேரம் அப்படியே நின்றார்கள். காலைச் சாப்பாட்டுக் கோப்பைகளுக்கு அன்று சிவபாதம் இருபது நிமிடம் பிந்தித்தான் போனார்.